சுவருக்கு முந்தி வந்த தளம்

பிரேசில்னு வாயத் தொறந்ததுமே உங்க மூஞ்சியெல்லாம் எப்படி மாறுதுன்னு எனக்குத் தெரியுது. முன்வரிசையில இருக்கிறவர் காலு அவருக்கே தெரியாம பந்த ஒதைக்குது. அந்த ஓரத்துல இருக்கிற தம்பி, இறகு வெச்ச பொண்ணுங்க எப்ப ஆடிக்கிட்டு வருவாங்கன்னு கதவையே பாக்குறார். பின்னால ஒரு அம்மா, ரொம்ப நல்லவங்க, துப்பாக்கிச் சத்தம் கேக்கப் போகுதுன்னு இப்பவே காதப் பொத்திக்கத் தயாரா இருக்காங்க. கைய எறக்குங்கம்மா. பந்து வராது, ஆட்டம் வராது, யாரும் யாரையும் சுட மாட்டாங்க. வரப்போறது ஒரு கான்கிரீட் தளம். ஆமா, மொட்டமாடித் தளம். ஏமாந்துட்டீங்கல்ல, ரொம்ப சந்தோஷம், இப்ப நிம்மதியா கேளுங்க.

கடலோரமா ஒரு பெரிய நகரம், அந்த நகரத்துல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேட்டை. மேல்பக்கம் இருக்கிறதுக்குப் பேரு ஜார்திம் செரேனு, அமைதித் தோட்டம்னு அர்த்தம், தோட்டம்னு பாத்தா வாசலுக்கு வாசல் ஒரு தொட்டிச்செடி. மரத்தையெல்லாம் வெட்டிச் சாச்சுட்டு பசுஞ்சோலை நகர்னு பலக மாட்டுற ஆளுங்க அங்கயும் மனை பிரிக்கப் போயிருப்பாங்க போல. அதுக்குக் கீழ, கடலப் பாத்த சரிவுல இருக்கிறது கஞ்சிக்கா மேடு. அங்க யாரும் மனை பிரிச்சுக் குடுக்கல, அவங்களா ஏறினாங்க, அவங்களா பிரிச்சுக்கிட்டாங்க, ஒரு வீட்டு மொட்டமாடி அடுத்த வீட்டு வாசல், அந்த வீட்டு மொட்டமாடி அதுக்கடுத்த வீட்டு வாசல்னு படிப்படியா வானத்தப் பாத்து ஏறிக்கிட்டே போன மேடு அது. ரெண்டுக்கும் நடுவுல, மேட்டு உச்சியில, செரேனுக்காரங்க மதில ஒட்டி ஒரு துண்டு நெலம். அது இவங்களுதும் இல்ல அவங்களுதும் இல்ல, நகராட்சியோடது. அங்க வீடு கட்டக் கூடாது. புல்லு மொளைக்கலாம், ஆடு மேயலாம், வீடு மட்டும் கூடாது.

கஞ்சிக்கா மேட்டுல ஒரு பழக்கம். யாராவது தளம் போடணும்னா ஞாயித்துக்கிழமை போடுவாங்க, கூலிக்கு ஆள் வெக்க மாட்டாங்க, மேடே வரும். ஆம்பள பொம்பள எல்லாரும் பாண்டுச் சட்டி தூக்கிப் படியில வரிசையா நின்னு கை மாத்திக் கை மாத்திக் கலவைய மேல ஏத்திடுவாங்க. வீட்டுக்காரங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், பெரிய அண்டாவுல கருப்பு பீன்ஸும் பன்னிக்கறியும் போட்டுக் காலையிலிருந்து கொதிக்க வெக்கணும். யார் வீடு, எந்தச் சந்துன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான், வாசன வர்ற பக்கம் ஏறுவான். அப்புறம் இன்னொண்ணு. தளத்துக்குன்னு வந்தவன் சாப்பிடாமப் போகக் கூடாது. போனா அந்தத் தளம் ஒழுகும்னு நம்பிக்க. அதனால எவனையும் விட மாட்டாங்க, கதவுக்குக் குறுக்க கால நீட்டிக்கிட்டு உக்காந்துடுவாங்க.

அந்த மேட்டுல டோனா மர்லூசின்னு ஒரு அம்மா. டோனான்னா நம்ம 'அம்மா'ங்கிற மாதிரி மரியாத. ஆம்பளைங்களுக்கு 'சேவு', திங்கிற சேவு இல்லீங்க, 'ஐயா'ன்னு வெச்சுக்கோங்க. டோனா மர்லூசி பேசினா காத்தடிச்ச தகரம் மாதிரி இருக்கும், நல்லது சொன்னாலும் திட்டுற மாதிரியே கேக்கும். அவங்களுக்கு ஒரே பொண்ணு, ஜுசாரா, மாசமா இருந்தா. மாப்பிள்ள எட்மாருக்கு ஊருக்கு வெளிய, ரெண்டு பஸ் மாறிப் போற தூரத்துல, அரசாங்கம் வரிசையா கட்டி வெச்ச பெட்டி வீட்டுல ஒண்ணு ஒதுக்கியிருந்தாங்க. மழ ஆரம்பிக்கிறதுக்குள்ள போய்ப் பூட்டத் தொறக்கலேன்னா வேற ஆளுக்குப் போயிடும். அம்மா வீட்டுல இருக்கிறதோ ஒரு ரூம்பு, அதுல ஏற்கெனவே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு டோனா மர்லூசி.

"மேல ஒரு தளம் போட்டு ரூம்பு எழுப்பித் தரேன்டி, போகாத."

"போட்டா இருக்கேன். ஆனா மழைக்கு முந்தி போடணும்."

"அப்படியே நீ போய்ட்டாலும் என்ன, நான் வந்து பாக்க மாட்டேனா."

"நீயா. ரெண்டு பஸ் மாறணும்மா. மொத பஸ்லயே கண்டக்டரோட சண்ட போட்டு எறங்கிடுவ."

அது உண்மைன்னு டோனா மர்லூசிக்கே தெரியும். மூட்ட மூட்டையா சிமெண்ட்டச் சேத்து, கட்டிலுக்கடியில அடுக்கி, அது மேலயே படுத்துத் தூங்கி, ஒரு ஞாயித்துக்கிழமைக்கு மேட்டுக்கே சொல்லி அனுப்பிட்டாங்க.

அன்னைக்குப் பாத்து கடல்லேருந்து பனி ஏறி, மூக்குக்கு முன்னால நீட்டின கை தெரியல. வீட்டு முத்தம் பூரா மணலும் ஜல்லியும், கட்டிலுக்கடியிலேருந்து வெளிய எடுத்து வெச்ச சிமெண்ட்டும் குவிஞ்சிருந்ததால அண்டா வெக்க எடமில்ல. அதனால ஜுசாரா அண்டாவ மேல, மதிலோரமா அந்த நகராட்சித் துண்டுல கொண்டு போய் வெச்சு, அடுப்பு மூட்டி, நாற்காலியில சாஞ்சு, புள்ளத்தாச்சிக்கு வர்ற தூக்கத்துல கண்ண மூடிட்டா. டோனா மர்லூசி தளம் நல்லா அமையணும்னு மெழுகுவத்தி ஏத்தக் கோயிலுக்குப் போயிட்டாங்க. மேடு எந்திரிச்சு வந்துச்சு. வாசன வந்த பக்கமா ஏறிச்சு. மணல் ஜல்லியெல்லாம் கீழ டோனா மர்லூசி வீட்டு முத்தத்துல இருந்துச்சே, அத ஏன் யாரும் யோசிக்கலன்னு கேப்பீங்க. அங்க லாரி வர்றது பாதி வழிக்குத்தான், சாமான் எப்பவும் கீழ கெடக்கும், வீடு எப்பவும் மேல இருக்கும். அதனால ஒருத்தன் விடாம, அவங்க வீட்டுச் சுவர உரசிக்கிட்டு, அவங்க வீட்டு வாசலத் தாண்டி, சிமெண்ட்ட மேல தூக்கிட்டுப் போனாங்க.

வேலைக்குத் தல டெர்மிவால் மேஸ்திரி. மேஸ்திரிங்கிற சொல்ல நமக்குக் குடுத்ததே அவங்க பேசுற போர்ச்சுகீசியப் பாஷதான், ஜன்னலும் சாவியும் அங்கேருந்து வந்ததுதான், அதனால அவர மேஸ்திரின்னே கூப்பிடுவோம். அவர் பேச்சு கலவ மிஷின் மாதிரி, ஒரு சொல்ல உள்ளயே நாலு சுத்து சுத்திட்டுத்தான் வெளிய கொட்டுவார். தளத்தத் தாங்க முட்டுக்கட்ட நட்டு, அது மேல சென்ட்ரிங் பலக அடிச்சு, கம்பி கட்டி முடிச்சதும் பனிக்குள்ள கையத் துழாவிட்டுக் கேட்டார்.

"சுவரு... இந்தச் சுவரு... சுவருன்னு ஒண்ணு இருக்கணுமே, அது எங்கப்பா?"

"அப்புறம் எழுப்பிக்குவாங்க மேஸ்திரி. கைக்கு எது கெடைக்குதோ அதத்தான மொதல்ல கட்ட முடியும்."

மேட்டுல பாதி வீடு அப்படித்தான் கட்டினது, கதவு இல்லாமப் படி, படி இல்லாம மாடி. அதனால மேஸ்திரியும் சரின்னு தலையாட்டினார். கலவைய ஊத்தி, மட்டப்பலக இழுத்து, வழவழன்னு ஒரு தளம். பனி வெலகினப்ப டோனா மர்லூசி கோயில்லேருந்து வந்து, தன் வீட்டப் பாத்து, அது நேத்து இருந்த மாதிரியே இருக்கிறதப் பாத்து, அப்புறம் மேல பாத்தாங்க.

கத்தல. பழக்கம்னா பழக்கம். கரண்டிய எடுத்து எல்லாருக்கும் பரிமாறினாங்க, ரெண்டாவது தடவ கேட்டவனுக்கும் ஊத்தினாங்க, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் கவுத்து வெச்ச பாண்டு மேல உக்காந்து, "இனி எங்கிட்ட ஒரு கைப்பிடி சிமெண்ட் கெடையாது"ன்னு சொன்னாங்க, திட்டுற மாதிரி இல்லாம, சாதாரணமா. அதக் கேட்டுத்தான் மேடே பயந்துபோச்சு.

தளம் காயுற வரைக்கும் மேஸ்திரி தெனம் போய்த் தண்ணி ஊத்தினார், குத்த உணர்ச்சியில ரெண்டு வேள ஊத்தினார். காஞ்சதும், முட்டுக்கட்டையெல்லாம் வேணும்னு அடுத்த வீட்டுக்காரங்க வந்து நின்னாங்க, ஏன்னா மேட்டுக்கே இருந்தது ஒரு செட்டு முட்டு, வீடு வீடாச் சுத்துறது. மேஸ்திரி எல்லாரையும் தூரத் தள்ளி நிக்கச் சொல்லி, ஆட்ட ஓட்டி, கோழிய ஓட்டி, ஒவ்வொரு முட்டா உருவினார். கடைசி முட்ட மட்டும் கயிறு கட்டி, தூரத்துலேருந்து, கண்ண மூடிக்கிட்டு இழுத்தார். முட்டு விழுந்துச்சு. பலகையும் கழண்டு விழுந்துச்சு. தளம் விழல. சுவரில்லாம, தூணில்லாம, கீழ காத்து, மேல காத்து, நடுவுல அது பாட்டுக்கு இருந்துச்சு.

முட்டு கேட்டு வந்த ஆளு கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அப்ப இத எடுத்துக்கலாம்ல"ன்னு கேட்டு, தோள்ல போட்டுக்கிட்டு எறங்கிட்டான்.

மொதல்ல அதுக்கடியில போனது நாய்ங்க, நெழல் இருந்துச்சு, படுத்துச்சு. அப்புறம் சீட்டு விளையாடுற கெழவனுங்க, நாய் சாகலயேன்னு பாத்துட்டுப் போனாங்க. அதப் பாத்து முடி வெட்டுறவன் தன் நாற்காலிய அங்க போட்டான், அவன் கண்ணாடிய மாட்டத்தான் சுவரில்ல, வெட்டிக்க வந்தவனே கையில புடிச்சுக்கிட்டான். கீழ நீட்டிக்கிட்டிருந்த கம்பியில பொம்பளைங்க துணி காயப் போட்டாங்க. ஏணி போட்டு மேல ஏறி வெயில் காய்ஞ்சாங்க, கறி சுட்டாங்க, பிறந்தநாள் கொண்டாடுனாங்க, ரொம்பப் பேர் ஒரே பக்கமாச் சேந்து ஆடினா தளம் படகு மாதிரி லேசா சாஞ்சதால, "நடுவுல ஆடுங்க, நடுவுல"ன்னு சொல்றதுக்கு ஒரு ஆள வெச்சாங்க. பாதிரியார் வந்து பாத்துட்டு மெழுகுவத்தி வீண் போகலன்னார். அடுத்த தெரு பாஸ்டர் வந்து இதுக்கும் மெழுகுவத்திக்கும் சம்பந்தமில்லன்னார். மேஸ்திரி ரெண்டு பேரையும் பாத்து, "கலவ... கலவ சரியா இருந்தா... கலவ சரியா இருந்தா எல்லாம் சரியா இருக்கும்"னார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோச்சு, ஏன் நிக்குதுன்னு அப்புறம் ஒருத்தரும் கேக்கல, காத்து ஏன் அடிக்குதுன்னு கேக்காத மாதிரி.

டோனா மர்லூசி மட்டும் தெனம் காலையில ஏறி வந்து, தளத்துக்கடியில நின்னு, அண்ணாந்து பாத்து, "விழுந்து தொலையாத"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. அவங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. கூர வந்தாச்சு. கூரதான கஷ்டம், சுவர் என்ன சுவர், மேடே ஆளுக்கு நாலு செங்கல் குடுத்தா சுவர். ஜுசாரா இங்கயே இருந்துடலாம்.

"காத்துல தொங்குற கூரைக்கடியில எம்புள்ளையப் படுக்க வெக்கச் சொல்றியா?"

"ஒங்கப்பன் கட்டின கூர எல்லாத்தையும் விட இது நல்லாத்தான்டி நிக்குது."

ஜுசாரா சிரிச்சுட்டா. பெட்டி வீட்டுக்குக் கட்டி வெச்ச மூட்டையில பாதியப் பிரிச்சா. மீதிப் பாதிய அப்படியே வெச்சிருந்தா, வானத்தப் பாத்துக்கிட்டு.

இது நடக்கிறப்ப மதிலுக்கு அந்தப் பக்கம் செரேனுக்காரங்களுக்கு வேடிக்க பாத்துப் பாத்துக் கழுத்து வலிச்சுபோச்சு. காலையில ஜன்னலத் தொறந்தா கடல் தெரியும்னு சொல்லி அவங்களுக்கு வித்த வீடு, இப்பத் தொறந்தா வெயில் காயுற கஞ்சிக்காக்காரங்க காலுதான் தெரியுது. புகார் போச்சு. நகராட்சித் துண்டுல வீடு கட்டிட்டாங்க, இடிக்கணும்.

மழைக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அதிகாரி வந்தார். ஞாயித்துக்கிழமை ஏன்னா, மத்த நாள்ல மேட்டுல ஆளே இருக்காதே, யார்கிட்ட சொல்லி இடிக்கிறது. பேரு சேவு அன்செல்மு, வேர்வைய ஒத்தி ஒத்தியே கைக்குட்ட கிழிஞ்சுபோன மனுஷன், எந்தப் பேட்டைக்குப் போனாலும் யாரோ ஒருத்தர் வீட்ட இடிச்சுட்டு வர்ற வேல, அதனால சாப்பாடு எறங்காது, தூக்கம் வராது. கூடவே அவர் காரோட்டி வால்டெசி, நல்ல பையன்னு சொல்ற வயசு தாண்டியும் எல்லாரும் நல்ல பையன்னே சொல்ற ஆளு, மனசுல ஒண்ணு தோணி அது வாய்க்கு வர நேரமே எடுக்காது.

மேடு பூரா தளத்தச் சுத்தி நின்னுச்சு. ஜுசாரா வயித்துல கைய வெச்சுக்கிட்டு ஓரமா நின்னா. அவ பக்கத்துல பிரிக்காத மூட்ட.

சேவு அன்செல்மு ஒரு சுத்து சுத்தி வந்தார். குடைய நீட்டிக் கீழ துழாவினார். குனிஞ்சார், மண்டி போட்டார், வெளிய வந்து கைக்குட்டைய எடுத்தார்.

"தூண் எங்க?"

"இல்லீங்க."

"சுவர்?"

"இல்லீங்க."

"அப்ப எது மேல இருக்கு?"

டோனா மர்லூசி சொன்னாங்க, "அதக் கேட்டா அதுக்குக் கோவம் வந்துடப் போகுது சார், மெதுவாப் பேசுங்க."

யோசிக்க யோசிக்க அவர் முகத்துல வேர்வ குறைஞ்சுது. அப்புறம் பேசினார், பள்ளிக்கூடத்துல மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "வீடுன்னா என்ன. சுவர் மேல கூர உக்காந்திருந்தா அது வீடு. இங்க கூர இருக்கு, சுவர் இல்ல. அதனால இது வீடு இல்ல. வீடு இல்லாதத நான் இடிக்க முடியாது. இந்தத் துண்டுல வீடே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அப்ப மேட்டுல ஒரு மூச்சு விட்டாங்க பாருங்க, அத நான் செஞ்சு காட்ட முடியாது, அதுக்கு அத்தன பேர் நெஞ்சு வேணும். மொதல்ல டோனா மர்லூசி விட்டாங்க, பாண்டு தூக்குற தோள் ரெண்டும் காதுக்கிட்டேருந்து எறங்கிச்சு. அப்புறம் மேஸ்திரி, அப்புறம் சீட்டுக் கெழவனுங்க, முடி வெட்டுறவன், பாதி வெட்டின தலையோட நின்னவன், பாதிரியார், பாஸ்டர், படி படியா அந்த மூச்சு கீழ எறங்கி, பஸ் நிக்கிற எடம் வரைக்கும் போயி, அங்க என்ன ஏதுன்னு தெரியாத கடலைக்காரன் கூட, காரணமில்லாம, மூச்ச விட்டுட்டு லேசாயிட்டான். எல்லாரையும் விட லேசானவர் சேவு அன்செல்முதான். முதல் தடவையா ஒரு எடத்துலேருந்து எதையும் இடிக்காமப் போறார்.

"அப்ப நான் வரேன்."

டோனா மர்லூசி கால நீட்டினாங்க. "எங்க வர்றீங்க. தளத்துக்காக வந்திருக்கீங்க. சாப்பிடாமப் போனா ஒழுகும்."

"பரவால்லம்மா, எனக்கு வேல இருக்கு."

"பீன்ஸ் ஊற வெச்சாச்சு. உக்காருங்க."

பீன்ஸ் வேகணும்னா பாதி நாள் ஆகும். அந்தப் பாதி நாள மேடு சும்மா உக்காந்து கழிக்குமா. சந்தோஷம் கையில ஏறிடுச்சு. ஒருத்தன் வீட்டுக்குப் போய் ரெண்டு செங்கல் எடுத்துட்டு வந்தான், அதப் பாத்து இன்னொருத்தி தன் குளியலறைக்கு வெச்சிருந்த செங்கலையும் அர மூட்ட சிமெண்ட்டையும் எடுத்துட்டு வந்தா. படியில வரிச நின்னு கை மாத்திக் கை மாத்திச் செங்கல் ஏற ஆரம்பிச்சுது. மேஸ்திரி நூல் புடிச்சு, தளத்துக்கு நேர் கீழ, நாலு பக்கமும் சுவர் எழுப்ப ஆரம்பிச்சார்.

சேவு அன்செல்மு அதப் பாத்தார். பாத்துட்டு நாற்காலியத் தூக்கிக் கடல் பக்கமாத் திருப்பிப் போட்டுக்கிட்டார்.

"சார், வெயில் மூஞ்சிலயே அடிக்குதே, இப்படித் திரும்பி உக்காருங்க"ன்னாங்க டோனா மர்லூசி.

"இல்லம்மா, எனக்குக் கடல் பாக்கப் புடிக்கும்."

"கண்ணு கூசும் சார்."

"கூசட்டும்மா."

அவருக்குப் பின்னால சுவர் முழங்காலுக்கு வந்துச்சு, இடுப்புக்கு வந்துச்சு, தோளுக்கு வந்துச்சு. அவர் கப்பல் பாத்தார், அலை பாத்தார், ஒண்ணுமே இல்லாதப்ப ஒண்ணுமில்லாததப் பாத்தார். மேட்டுக்காரங்கள்ல சில பேர் அவர் முதுகப் பாத்தாங்க, பாத்துட்டுச் சாந்து பூசுற கரணைய இன்னும் வேகமா ஓட்டினாங்க. ஜுசாரா மீதி மூட்டையப் பிரிச்சா. தலகாணிய எடுத்தா, அவ புருஷன் மெத்தைய எடுத்தான், கதவுக்கு விட்ட எடத்துல நின்னு, இப்ப உள்ள போலாமான்னு மேஸ்திரியப் பாத்தாங்க. அந்தப் பொண்ணு முகத்துல அன்னைக்குத்தான் அம்மா ஜாட தெரிஞ்சுதுன்னு சொல்வாங்க, அதட்டாத நேரத்துல இருக்கிற அம்மா.

அண்டா எறங்கிச்சு. டோனா மர்லூசி மொத தட்ட அதிகாரிக்குக் குடுத்தாங்க. கொதிக்கக் கொதிக்க, ஊதக் கூட இல்ல, அள்ளி அள்ளி வாயில போட்டார், நாக்கு வெந்து கண்ணுல தண்ணி வந்துச்சு, "நல்லாருக்கும்மா, ரொம்ப நல்லாருக்கும்மா"ன்னு சொல்லிக்கிட்டே பாதித் தட்டு, முக்கால் தட்டு, காலித் தட்டு. எந்திரிச்சார். "வால்டெசி, வண்டிய எடு."

வால்டெசிக்கு அது மூணாவது தட்டு. "இருங்க சார், இதோ"ன்னு விரலால தட்ட வழிச்சான். வழிச்சுக்கிட்டே அண்ணாந்து பாத்தான். அங்க நாலு சுவரும் எழும்பியாச்சு. ஒரு மூலையில மட்டும், சுவருக்கும் தளத்துக்கும் நடுவுல, ஒரு செங்கல் கனத்துக்கு வெளிச்சம் தெரிஞ்சுது. மேஸ்திரி ஏணி மேல நின்னு, கடைசிச் செங்கலுக்குச் சாந்து தடவி, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, அதிகாரி படி எறங்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தார். மேடே காத்துக்கிட்டிருந்துச்சு. சேவு அன்செல்மு கண்ணக் கடல்லயே வெச்சுக்கிட்டுப் படியக் காலால துழாவி, மொத படியில கால வெச்சார்.

வால்டெசி விரல நக்கிட்டு, நல்ல மனசோட, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான்:

"சார், அதச் சொருகிட்டா இது வீடாயிடுமே. நாளைக்கு இடிக்க நாமதான வரணும்?"